ரூத் அம்மா திருப்பிக் கேட்ட கேள்வி

“தம்பி, இவாவிட்டைக் கேளும். கல்லாலை கட்டின சேர்ச், நல்ல காணி, தாய் தேப்பனைத் தாட்ட சவக்காலை, எல்லாத்தையும் விட்டிட்டு ஏன் ஒரு சண்டையும் பிடிக்காமல் வண்டிலேறிப் போனவை எண்டு கேளும்.”

ஜெபம் அண்ணை எழுந்து நின்று கேட்டார். ஒரு கை முன்வரிசைக் கதிரையின் முதுகை இறுகப் பிடித்திருந்தது. வட லண்டனின் எட்மண்டனில் எங்கள் தமிழ் ஆராதனை நடக்கும் மண்டபம் அது. ஹீட்டர் குழாய்கள் டிக் டிக்கென்று சத்தம் போட்டன. ஈரக் கோட்டுகளின் மணமும் பின்மேசையில் இருந்த மீன் ரோல்ஸின் மணமும் ஒன்றாகக் கலந்திருந்தன.

நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். என் வலப்பக்கம் ரூத் அம்மா. அமெரிக்காவின் ஆதிக்குடிகளில் வயண்டொட் என்னும் இனத்தைச் சேர்ந்தவர். எங்களைப் போலவே மெதடிஸ்த சபைக்காரி. அன்றைக்கு எங்கள் விருந்தாளி. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரலில் இருந்த கோபம் விளங்கியிருக்க வேண்டும். தலையைச் சற்றுச் சாய்த்து, நான் எப்போது வாயைத் திறப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு முகம் சுட்டது. ஒருவரை வீட்டுக்கு அழைத்துவிட்டு, கோப்பையில் சோறு விழும் முன்பே, உன் முன்னோர் பயந்தாங்கொள்ளிகளா என்று கேட்பதுபோல இருந்தது. அதைக் கேட்கப்போகும் வாய் என்னுடையது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் சித்திரை மாதம். அந்த மாதத்தைப் பற்றி இந்தத் தொடரில் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். இனியும் தள்ளினால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன் என்று தோன்றுகிறது.

‘நான்’ என்று சொல்லும் தொழில்

லண்டனில் எனக்குச் சோறு போட்டது மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரி, கவுன்சில் அலுவலகம், வாடகைத் தகராறு என்று எங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் தேவைப்படும் இடமெல்லாம் போவேன். அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்கக் கூடாது.

ஒருமுறை ஓர் இளம் டொக்டர், ஒரு தாயிடம் அவருடைய மகனுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. “என்னை மன்னிக்கவேணும் அம்மா, என்னாலை ஏலுமானதெல்லாம் செய்திட்டன்” என்று டொக்டருக்காக நான் சொன்னேன். அந்தத் தாய் டொக்டரைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீர் என்ன செய்யிறது ராசா” என்று என்னைத் தேற்றினார். எனக்கு உரியதல்லாத ஆறுதலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வேலையைச் சேர்ச்சில் சம்பளமில்லாமல் செய்தேன். ஆங்கிலப் போதகர் வந்தால் நான்தான் அவருக்குத் தமிழ் வாய்.

பஸ் ஓட்டிய பிரசங்கி

ரூத் அம்மா எங்களிடம் வந்தது தற்செயல். அவருடைய மகள் ஓர் ஆங்கிலேயரை மணந்து ஃபின்ச்லியில் இருந்தாள். பேரப்பிள்ளை பிறந்திருந்தபடியால் ஒக்லஹோமாவிலிருந்து வந்து தங்கியிருந்தார். மகள் போகும் சபையின் போதகர்தான் எங்கள் ஆராதனைக்கும் பொறுப்பு. “இவரும் பிரசங்கம் செய்கிறவர், உங்கள் ஆட்களிடம் ஒருநாள் கூட்டிப் போங்களேன்” என்றார்.

அந்த ஞாயிறு அவரைக் கூட்டிவர நானும் மனைவி ரஞ்சியும் காரில் போனோம். கதவைத் திறந்தது நரைமுடியை ஒட்ட வெட்டி, ஊதா நிற மழைக்கோட்டும் வெள்ளைச் சப்பாத்தும் போட்ட ஒரு குள்ளமான அம்மா. நான் அவருடைய தோளுக்கு மேலால் வீட்டுக்குள் வேறு யாரையோ தேடினேன். என்ன தேடினேன் என்று எழுதவே கூசுகிறது. நீண்ட பின்னல், இறகு, மணிமாலை. பருத்தித்துறையில் சின்ன வயதில் பார்த்த கௌபோய் படங்களில் குதிரையில் வந்து சுடுபட்டு விழும் யாரோ ஒருவரை.

“நான்தான்” என்று சொல்லிச் சிரித்தார் ரூத் அம்மா. பழகிப்போன சிரிப்பு.

வேலை செய்த காலம் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். முன் சீட்டில் இருந்துகொண்டு நான் கியர் மாற்றுவதைக் கவனித்தார். மஞ்சள் விளக்கில் நான் வேகமெடுத்தபோது தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்தார். பிறகு என் தொழிலைக் கேட்டார். சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

“எங்கள் ஆட்களிடம் முதன்முதல் சுவிசேஷம் சொல்ல வந்தவர் ஒரு கறுப்பின மனிதர்” என்றார். “யாரும் அவரை அனுப்பவில்லை. ஒரு குரல் போ என்றதாம், ஒஹையோவின் காட்டுவழியே தனியாக நடந்து வந்தார். எங்கள் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அங்கே இன்னொரு கறுப்பர் இருந்தார். சிறுவயதில் எங்கள் ஆட்கள் பிடித்து வந்து, எங்களோடு வளர்ந்தவர். அவரை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவருக்குத் துளியும் விருப்பமில்லை. ஒவ்வொரு வசனத்தையும் சொல்லிவிட்டு, ‘இது அந்த ஆள் சொல்வது, நான் சொல்வதல்ல’ என்று சேர்த்துக்கொள்வாராம்.”

பின் சீட்டில் இருந்த ரஞ்சி வாய்விட்டுச் சிரித்தாள். “இவருக்கும் சில நேரம் அப்படிச் சொல்ல ஆசைதான்” என்றாள் ஆங்கிலத்தில்.

“கடைசியில் அந்த மனிதரே மனம் திரும்பிவிட்டார்” என்றார் ரூத் அம்மா. “எச்சரிக்கையாக இரு.”

தெரிந்த மெட்டு

அன்று மண்டபத்தில் இளம் பிள்ளைகள் இல்லை. எல்லோரும் போரை நிறுத்தச் சொல்லி வெஸ்ட்மினிஸ்டரில், பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியில் இருந்தார்கள். வன்னியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு துண்டு நிலத்தில் சனம் நெருக்குண்டு கிடந்த நாட்கள். வந்திருந்த பெரியவர்களின் மடியில் வேதப்புத்தகத்துக்கு மேல் கைத்தொலைபேசி இருந்தது. ஆராதனையில் அதை அணைக்கச் சொல்லும் வழக்கத்தை நாங்கள் சில மாதங்களாகவே கைவிட்டிருந்தோம்.

ரூத் அம்மா பீடத்துக்குப் போகவில்லை. கீழே, முதல் வரிசைக்குக் கிட்ட நின்று பேசினார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன்.

அந்தக் கறுப்பினப் பிரசங்கியைப் பற்றிச் சொன்னார். அவர் பிரசங்கித்ததைவிடப் பாடியதைக் கேட்கத்தான் முதலில் ஆட்கள் வந்தார்களாம். பிறகு தலைவர்களில் சிலர் தாங்களே புத்தி சொல்லும் ஊழியர்களானார்கள். வாரம் ஒருமுறை சின்னச் சின்னக் குழுக்களாகக் கூடி, இந்தக் கிழமை என் ஆத்துமா எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பழைய வழிபாட்டை விடாதவர்களும் இருந்தார்கள். ஒரே வீட்டுக்குள் இரண்டும் நடந்ததால் சண்டை சச்சரவு குறைவில்லை. ஆற்றங்கரைக்குக் கிட்டக் கல்லால் ஒரு தேவாலயம் கட்டினார்கள். பக்கத்தில் பள்ளிக்கூடம், தோட்டம், சவக்காலை.

பிறகு அரசாங்கம் எழும்பிப் போ என்றது. சுற்றியிருந்த மற்ற இனங்களெல்லாம் போய்விட்டன. வயண்டொட் மக்கள் வருடக்கணக்காக மறுத்தார்கள். மேற்கே தருவதாகச் சொன்ன நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வேண்டாம் என்றார்கள். கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள்.

போகும் முன் சவக்காலையைத் துப்புரவாக்கினார்கள். கல்லறைகளில் பூப் போட்டார்கள். அந்த முதல் பிரசங்கியின் எலும்புகளை எடுத்துவந்து தேவாலயத்தின் அருகில் மறுபடி அடக்கம் செய்தார்கள். கட்டடத்தையும் சவக்காலையையும் பார்த்துக்கொள்ளும்படி மெதடிஸ்த சபையிடம் ஒப்படைத்துவிட்டு, கடைசி ஆராதனை முடிய வண்டிலேறினார்கள். வண்டில் பயணம், பிறகு நீராவிப் படகு. போய்ச் சேர்ந்த இடத்தில் சொன்னபடி நிலம் இல்லை. ஆற்றோரச் சதுப்பில் காய்ச்சல் வந்து சனம் செத்தது.

“அந்தத் தேவாலயம் இன்றும் நிற்கிறது” என்றார் ரூத் அம்மா. “சபை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறது. புல் வெட்டுகிறார்கள். நாங்கள் போனால் தேநீர் தந்து, சுற்றிக் காட்டுகிறார்கள்.”

இதைத் தமிழில் சொன்னபோது யாரோ மெல்லச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு பாடினார். அவருடைய மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் எவரும் இன்று இல்லை என்றும், தான் சத்தத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் என்றும் முன்கூட்டியே சொன்னார். குரல் கொஞ்சம் கரகரத்தது. இரண்டாவது வரியில் எங்களுக்கு மெட்டுப் பிடிபட்டுவிட்டது. எங்கள் பாட்டுப்புத்தகத்தில் இருக்கும் மெட்டு, மிஷன்காரர் பருத்தித்துறைக்கும் கொண்டுவந்த மெட்டு. ஒருவர் பின் ஒருவராகத் தமிழில் சேர்ந்துகொண்டார்கள். ரஞ்சி அழுதாள். அவள் மட்டுமல்ல.

அந்த இடத்திலேயே ஜெபத்தோடு முடித்திருக்கலாம். ரூத் அம்மாதான், “யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றார்.

கேள்வி கேட்டவர்

ஜெபம் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையின் மூப்பர். எட்மண்டனில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எண்பதுகளில் வந்தவர். எங்களில் பாதிப்பேருக்கு முதல் வேலையோ முதல் அறையோ அவர் தேடிக் கொடுத்தது. நான் ஜெர்மனியில் சில வருடங்கள் அகதியாக இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தபோது, என்னையும் ரஞ்சியையும் தன் கடைக்கு மேல் இருந்த அறையில் தங்கவைத்தார்.

அவருடைய ஒரே தங்கை புஷ்பம் கணவனோடும் பிள்ளைகளோடும் வன்னியில் இருந்தார். தை மாதத்துக்குப் பிறகு தொடர்பில்லை. அண்ணை அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் கோபித்தார். பாட்டு இழுபட்டால் கோபம், தேநீர் ஆறினால் கோபம்.

அன்றைய கேள்வியும் அந்தக் கோபத்தில்தான் வந்தது என்று எனக்குத் தெரியும். ரூத் அம்மாவுக்குத் தெரியாது.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். எதையும் மாற்றவில்லை, குரலை மட்டும் இறக்கினேன்.

ரூத் அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: “சண்டை பிடித்தோம். அதற்கு முந்திய தலைமுறைகளில் எல்லோரோடும் சேர்ந்து எல்லோருக்கும் எதிராகச் சண்டை பிடித்தோம். கையெழுத்துப் போட்டபோது மிஞ்சியிருந்தது கொஞ்சச் சனம். அதில் குழந்தைகள் நிறைய.”

நான் தமிழில் சொன்னேன். ஜெபம் அண்ணை இருக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தார். அது போதாது என்பதுபோல நின்றார்.

அப்போது ரூத் அம்மா கேட்டார். அவர் குரலில் குத்தலே இல்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். “எனக்கு உங்கள் நாட்டைப் பற்றி அதிகம் தெரியாது, அதனால் கேட்கிறேன். இந்த அறையில் இருப்பவர்களில், ஊரில் நின்று சண்டை பிடித்தவர்கள் யார்?”

ஆங்கிலம் விளங்கியவர்கள் உடனே தரையைப் பார்த்தார்கள். விளங்காதவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஜெபம் அண்ணைக்கு ஆங்கிலம் கடைக்குப் போதுமான அளவுதான். அவரும் என்னைப் பார்த்தார்.

என் நாக்கில் வேறொரு வசனம் தயாராக இருந்தது. ‘உங்கடை ஆக்களும் கஷ்டப்பட்டுத்தானே வந்தனீங்கள் எண்டு கேக்கிறா.’ சொன்னால் மண்டபம் முழுக்கத் தலையாட்டியிருக்கும். எல்லோரும் ரோல்ஸ் சாப்பிடப் போயிருப்போம். ரஞ்சி என்னையே பார்த்தாள்.

“எனக்கு உங்கடை நாட்டைப் பற்றிக் கனக்கத் தெரியாது, அதுதான் கேக்கிறன்” என்று தொடங்கினேன். “இந்த அறையிலை இருக்கிறவையிலை, ஊரிலை நிண்டு சண்டை பிடிச்சவை ஆர்?”

என் வாயால் அது வெளியே வந்தபோதுதான் அதன் கனம் எனக்குத் தெரிந்தது. பொய்ப் பாஸ்போட்டில், இன்னொருவனுடைய பெயரில் பிராங்பேர்ட்டில் இறங்கியவன் நான். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு இரவில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏதோ ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டவர்கள். அதில் தவறில்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். பிழை என்று அன்றும் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவராலும் தலை நிமிர்த்த முடியவில்லை. பின்மேசையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது.

ஜெபம் அண்ணை வேதப்புத்தகத்தைக் கதிரையில் வைத்தார். கோட்டை எடுக்காமலே பின்கதவால் வெளியே போனார்.

“நான் பிழையாக ஏதாவது சொல்லிவிட்டேனா?” என்று ரூத் அம்மா தணிந்த குரலில் கேட்டார்.

“இல்லை” என்றேன். சரியாக மொழிபெயர்த்ததற்காக வெட்கப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில்

பின்கதவுக்கு வெளியே கவுன்சிலின் பெரிய குப்பைத் தொட்டிகள் நிற்கும் சின்ன முற்றம். தூறல். ஜெபம் அண்ணை சுவரைப் பார்த்தபடி நின்றார். சேர்ட் தோளில் நனைந்து ஒட்டியிருந்தது.

“அண்ணை, அவா தெரியாமல் கேட்டிட்டா.”

“கேட்டதிலை என்ன பிழை? நீரும் சரியாத்தான் சொன்னனீர்.”

பிறகு சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“போன வருசம் புஷ்பம் போன் எடுத்தவள். சனம் வெளிக்கிடுது அண்ணை, வவுனியாப் பக்கம் போக இப்ப ஒரு வழி இருக்கு, பிள்ளையளோடை போகட்டோ எண்டு கேட்டவள். நான் என்ன சொன்னனான் தெரியுமே? ஒருத்தரும் காணியை விட்டிட்டுப் போகக்கூடாது, எல்லாரும் வெளிக்கிட்டால் பிறகு ஆர் அங்கை இருக்கிறது, நில் எண்டு சொன்னனான். கடையிலை நிண்டு சொன்னனான் தம்பி. ஒரு கையிலை போன். மற்றக் கையாலை ஆருக்கோ சிகரட் எடுத்துக் குடுத்துக்கொண்டு.”

இதற்குத்தானா அந்த அம்மாவிடம் அப்படிக் கேட்டார் என்று நினைத்தேன். சண்டை பிடிக்காமல் போனவர்களும் பிழைத்திருக்கிறார்கள், பாடுகிறார்கள், பேரப்பிள்ளை பார்க்க லண்டன் வருகிறார்கள் என்பதை அவரால் தாங்க முடியாமல் போயிருக்கலாம்.

கதவு திறந்தது. ரூத் அம்மா ஊதாக் கோட்டோடு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். ஜெபம் அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. “இவாவுக்குச் சொல்லும்” என்றார்.

“என்னத்தை அண்ணை?”

“இப்ப சொன்னதை. முழுக்கச் சொல்லும்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பழக்கத்தால் ‘நான்’ என்றே சொன்னேன். என் தங்கை என்னைக் கேட்டாள். நான்தான் நிற்கச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரிகளில் ஒருநாளும் அப்படி ஆனதில்லை.

ரூத் அம்மா அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தன் இனத்துக் கதையோடு அதைச் சேர்த்து எதையும் விளக்கவுமில்லை. “தங்கையின் பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், ‘புஷ்பாம்’ என்றுதான் வந்தது.

“அவரால் ஜெபிக்க முடியுமா?”

கேட்டேன். ஜெபம் அண்ணை தலையை ஆட்டினார். “இப்ப ஏலாது.”

“அப்படியானால் நான் செய்கிறேன்.”

தூறலில் தலை குனிந்து நாலைந்து வசனம் ஜெபித்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. முடிந்ததும் ஜெபம் அண்ணை முகத்தைக் கையால் துடைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “கம் சிஸ்டர், ஈட்” என்றார். உள்ளே போய்த் தானே ஒரு தட்டில் ரோல்ஸும் வடையும் எடுத்து அவரிடம் கொடுத்தார். கொடுத்தபோதும் முகத்தைப் பார்க்கவில்லை.

வெயில் காலம்

வைகாசியில் எல்லாம் முடிந்தது. வெஸ்ட்மினிஸ்டரிலிருந்து பிள்ளைகள் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தார்கள். ஜெபம் அண்ணை சேர்ச்சுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ரூத் அம்மா ஊர் திரும்பியிருந்தார். ஒக்லஹோமாவில் அவருடைய சின்னச் சபையில் ஞாயிறுதோறும் புஷ்பத்தின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள் என்று மகள் ஒருநாள் சொன்னாள். அதை ஜெபம் அண்ணையிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. “தம்பி, கடைக்கு வாரும். முகாமிலையிருந்து ஒரு பொடியன் எடுத்தவன். புஷ்பம் அங்கை நிக்கிறாளாம். கொஞ்சத்தாலை அவளைக் கதைக்க விடுறனெண்டு சொன்னவன். தனிய நிக்கப் பயமாக் கிடக்கு.”

ஓடினேன். கடைக் கதவைச் சாத்தி வைத்திருந்தார். பால்மா டின்கள் அடுக்கிய தட்டில் போனை வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்தது. எடுத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

“அண்ணை.”

“பிள்ளை.”

“பிள்ளையள் ரெண்டும் என்னோடைதான் அண்ணை. இவர் இல்லை.” அவ்வளவுதான் கணவனைப் பற்றிச் சொன்னார். கூட்டத்தின் இரைச்சலும் யாரோ குழந்தை அழுவதும் கேட்டது. இரவல் போன், அவசரமாகப் பேசினார். “கோவிக்காதையுங்கோ அண்ணை. நீங்கள் நிக்கச் சொன்னனீங்கள். ஏலுமானமட்டும் நிண்டனாங்கள். ஏலாமல்தான் வெளிக்கிட்டனாங்கள். காணியை விட்டிட்டு வந்திட்டமெண்டு கோவிக்காதையுங்கோ.”

ஜெபம் அண்ணையின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். டின்கள் ஒன்றோடொன்று முட்டின. நான் முகத்தைத் திருப்பி, ஒரு டின்னில் எழுதியிருந்ததை வாசிக்கத் தொடங்கினேன். அவருக்காகச் சொல்வதற்கு என்னிடம் எந்த மொழியிலும் ஒன்றுமில்லை.

“அண்ணை, லைனிலை நிக்கிறீங்களோ? அழுறீங்களோ?”



அங்கே புஷ்பம் பேச்சை மாற்றினார். குழந்தையைத் தேற்றுகிறவர் போலக் கேட்டார்: “அங்கை இப்பவும் குளிரோ அண்ணை?”

ஜெபம் அண்ணை மூச்சை இழுத்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வீதியைப் பார்த்தார்.

“இல்லைப் பிள்ளை” என்றார். “இங்கை நல்ல வெயில்.”